சுற்றுலாவில் வருபவரைத் தோட்ட வேலைக்கு வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எனக்கு 60 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. குலை வெட்ட ஆள் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேரைக் கொண்டுவர ஒரு ஏஜெண்டு தலைக்கு 4,500 ரிங்கிட் கேட்கிறார். 3,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். சுற்றுலாவாக வந்து வேலையைத் தொடங்கட்டும், பெர்மிட்டைப் பிறகு மாற்றலாம், ஆள் ஓடாமலிருக்கக் கடப்பிதழ்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் ஐயா. மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சுற்றுலா அனுமதியில் வந்தவருக்கு இங்கேயே தோட்ட பெர்மிட் மாற்றித் தரமாட்டார்கள். அவர் உங்கள் தோட்டத்தில் குலை வெட்டினால் குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவு உங்கள்மீது பாயும்: ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் கேட்டிருப்பதோ ஆறு பேர். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் குறைந்தது 6 மாதம், கூடினால் 5 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. மாட்டுவது தோட்டக்காரர், ஏஜெண்டு அதற்குள் கைப்பேசியை அணைத்திருப்பார்.

கடப்பிதழ் பேச்சும் ஆபத்தானது. பிறர் கடப்பிதழை முறையான அதிகாரமில்லாமல் வைத்திருந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அது அவர்களிடமே இருக்கட்டும்.

முறையான வழியில் அனுமதி முந்த வேண்டும், ஆள் பிந்த வேண்டும். முதலில் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசாங்க வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் உள்ளூர் ஆளுக்கு விளம்பரம் போட்டு, அதன் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ். பலர் சறுக்குவது இங்கேதான். சாதாரண வீடென்றால் படுக்கும் இடம் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் இருக்க வேண்டும். பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறை 10க்கு 12 அடி என்றால் 11 சதுர மீட்டர்தான். மூன்று பேருக்கு மேல் போட முடியாது. ஆறு பேருக்கு இரண்டு அறை வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஆளைத் தங்கவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

அடுத்து, வேலைச் சட்டம் 60கே பிரிவின்படி தொழிலாளர் தலைமை இயக்குநரின் முன் அனுமதி. 2023 ஜனவரி முதல் இது கட்டாயம். மீறினால் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. புதிய ஆள்களுக்கான ஒதுக்கீட்டை அரசாங்கம் 2023 மார்ச்சில் நிறுத்தியது நினைவிருக்கும். ஒதுக்கீடு மூடியிருக்கும்போது எந்த ஏஜெண்டாலும் அதைத் திறக்க முடியாது. தோட்டத் துறைக்கு இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று இலாகாவில் நேரில் கேளுங்கள்.

அனுமதி கிடைத்தபின் லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அரசாங்கக் கட்டணம், கட்ட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தோட்டத் துறைக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 640 ரிங்கிட். அதை நீங்களே கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. விசா அனுமதிக் கடிதம் கிடைத்த பிறகுதான் அவர்கள் விமானம் ஏறலாம். வந்த 30 நாளுக்குள் ஃபோமேமா எனும் வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனை. தேறாதவரைத் திருப்பி அனுப்ப நேரும், டிக்கெட்டுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பதிவும் உண்டு. டன் கணக்கில் கூலி கொடுத்தாலும் மாதம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது.

ஏஜெண்டிடம் வெளிநாட்டு ஆள்களைச் சேர்ப்பதற்கான ‘சி’ வகை உரிமத்தின் நகலையும் 4,500 ரிங்கிட்டுக்கு வரிவரியாகக் கணக்கும் கேளுங்கள். உரிமமில்லாமல் ஆள் சேர்ப்பவருக்கு 2,00,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. காட்ட மறுத்தால், முன்பண ரசீது, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்துத் தொழிலாளர் இலாகாவிலும் போலீசிலும் புகார் கொடுங்கள். அந்த ஆறு பேருக்கும் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். ஊரில் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்கள்.