புதிதாகப் பூட்டிய கணினி நீலத் திரையோடு நிற்கிறதா?

தம்பி, கிளிநொச்சியில் பாகங்களைச் சேர்த்து நீங்களே பூட்டிய கணினி நாளுக்கு நாலைந்து தடவை நீலத் திரை காட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு பிழை என்கிறீர்கள். பிழை மாறி மாறி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைத்தான். விண்டோஸைத் திரும்பப் போட்டு மினக்கெட வேண்டாம்.

கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புப் பக்கத்தில், ராமைக் கூடிய வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை நிறுத்திப் பாருங்கள். ராம் பெட்டியில் வேகம் 3600 என்று போட்டிருந்தாலும் அது ஓவர்குளொக் வேகம், அதாவது தரத்துக்கு மேல் கூட்டிய வேகம்; டிடிஆர்4 வகை ராமின் தரப்படுத்திய வேகம் 3200 வரைதான். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அதை விடக்கூடாது. ராமை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு எது பழுது என்று பாருங்கள். சரியென்றால், இரண்டையும் புரொசஸர் பக்கமிருந்து 2-ஆம், 4-ஆம் இடங்களில் செருகுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு அதுதான் முறை.

நீலத் திரையே வராமல் சட்டென்று அணைந்தால் கதை வேறு. ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டில் பின்னேரம் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 180 காட்டியது. வோல்டேஜைச் சீராக்கும் யூபிஎஸ் வைத்த பிறகுதான் கணினி அப்படி அணைவது நின்றது.

ராம் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்குத் தேவைப்படும். மெம்டெஸ்ட் முடிந்ததும் திரையைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.