ஆப்ல மைனஸ் காட்டுதுன்னு பனிமலை ஏறலாமா?

"ஏப்ரல் கடைசில மூணு பேரா பனிமலைக்கு ட்ரெக் போறோம், ராத்திரி மைனஸ் 1ன்னு ஆப் காட்டுது, காலைல 9 மணிக்குக் கிளம்பினா போதும், பனிச்சரிவெல்லாம் வராதுன்னு ஏஜென்ட் சொல்றார், நம்பலாமா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

நம்பாதீங்க. முதல்ல அந்த மைனஸ் 1 எந்த உயரத்துக்குன்னு பாருங்க. அத விட முக்கியம், ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுங்கறது. வசந்த காலத்துல பகல்ல உருகின பனி ராத்திரி இறுகினாதான் காலைல அது மேல நடக்க முடியும். வானம் தெளிவா, காத்து வறண்டு இருந்தா பனி தன்னோட சூட்ட வானத்துக்கு விட்டுடும், அதனால காத்து பிளஸ் 2ல இருந்தாகூட மேல்பக்கம் இறுகும். மேகம் மூடிட்டா கம்பளி போர்த்தின மாதிரி, சூடு வெளிய போகாது, மைனஸ் 1 இருந்தும் அடியில சொதசொதன்னே கிடக்கும். நானே ஒரு தடவ விடியக்காலைல, தெர்மாமீட்டர் ஜீரோவுக்குக் கீழ இருக்குன்னு தைரியமா கால வெச்சேன், மேல இருந்த மெல்லிசு ஓடு உடைஞ்சு முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு, அப்படியே திரும்பிட்டோம்.

9 மணிக்குக் கிளம்பறது ரொம்ப லேட்டு. கிழக்கு பாத்த சரிவுல வெயில் முதல்ல விழும், நீங்க ஏற ஆரம்பிக்கறப்பவே அது இளக ஆரம்பிச்சிருக்கும். இருட்டுலயே கிளம்பி மதியத்துக்கு முன்னாடி இறங்கிடணும். கணுக்கால் வரைக்கும் புதையுதா, சின்னச் சின்ன பனி உருண்டை தானா உருண்டு வருதா, உடனே அந்த இடத்த விட்டு வெளிய வாங்க. 30லேர்ந்து 45 டிகிரி சரிவுதான் பெரும்பாலும் சரியும், நீங்க நிக்கற இடம் சமதளமா இருந்தாலும் தலைக்கு மேல அப்படி ஒண்ணு இருக்கான்னு அண்ணாந்து பாருங்க.

வாடகைக்கு பீக்கன் (பனில புதைஞ்சவர சிக்னல் வெச்சுத் தேடற கருவி) தர்றோம்னு சொல்றவங்ககிட்ட ரொம்ப உஷாரா இருங்க. அங்கயே ஆன் பண்ணி, பேட்டரி பாத்து, ஒண்ணு சிக்னல் அனுப்ப இன்னொண்ணு தேடிக் கண்டுபிடிக்குதான்னு பாத்துட்டுதான் வாங்கணும். ஷவலும் ப்ரோபும் (பனிக்குள்ள குத்தித் தேடற நீளக் கம்பி) ஆளுக்கு ஒண்ணு வேணும். சரிஞ்சு வந்த ஈரப்பனி நின்னதும் சிமென்ட் மாதிரி இறுகிடும், புதைஞ்சவர மீட்க கைல இருக்கறது 10, 15 நிமிஷம்தான், கையால தோண்டி முடியவே முடியாது.

எனக்கு ஆத்திரம் எங்கன்னா, பல இடங்கள்ல பனிச்சரிவு அறிக்கைய சரியா இந்த சீசன்லதான் நிறுத்திடறாங்க, ஆபத்து இருக்கறப்போ அறிக்கை இல்ல! அறிக்கை வர்ற இடத்துலயும் ஆபத்து நிலை (5தான் உச்சம்) காலைல 2, மதியம் 3ன்னு தனித்தனியா போட்டிருந்தா ஏஜென்ட் காலை நம்பர மட்டும் ஃபார்வேர்ட் பண்றார்.

கிளம்பற அன்னிக்கு ராத்திரி ரெண்டு மூணு தடவ வெளிய வந்து பாருங்க. நட்சத்திரமே தெரியலன்னா போகாதீங்க. அட்வான்ஸ் திரும்ப வராதும்பார், போனா போகட்டும்.