‘வேப்பிட்’ என்று எழுதுமுன்

அன்புள்ள ஐயா,

ஆங்கில விமர்சனம் ஒன்றில் ‘வேப்பிட் டயலாக்’ என்று படித்தேன். அகராதியில் ‘சாரமற்ற, சுவையற்ற’ என்றிருந்தது. இன்சிப்பிட், இனேன், வேக்குவஸ் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது? வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ தேர்வு எழுதப்போகும் என் மகளும் கேட்கிறாள். இன்னொன்று. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பிரசென்டேஷனை ‘வெரி வேப்பிட்’ என்று குழு முழுவதற்கும் மெயிலில் எழுதினேன். அதன்பின் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொல்லைத் தவறாகப் பயன்படுத்திவிட்டேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளின் கேள்வி சுலபம். ஜிஆர்இயில் ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்தில் ஒரே பொருள் தரும் இரண்டை எடுக்கச் சொல்லும் பகுதி உண்டு. அங்கே வேப்பிட்டும் இன்சிப்பிட்டும் நல்ல ஜோடி. வேப்பிட்டின் முதல் அசையை அழுத்தி, ‘மேப்’, ‘கேப்’ என்பதுபோல் குறுக்கிச் சொல்ல வேண்டும். நீராவியைக் குறிக்கும் ‘வேப்பர்’போல இழுக்கக் கூடாது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

எழுதுவதற்குப் போதாது. வேப்பிட் லத்தீனில் மதுவைப் பற்றிய சொல். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இதற்குத் தரும் பொருள்களில் ஒன்று, சத்து ஆவியாகிப் போனது என்பது. திறந்து வைத்துவிட்ட சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அப்படியே இருக்கும், சுர்ரென்று ஏறுவது போயிருக்கும். ஆனால் இன்றைக்கு சோடாவையோ சாம்பாரையோ யாரும் வேப்பிட் என்பதில்லை. சோடாவுக்கு ஃபிளாட், உப்பு உறைப்பில்லாத சாம்பாருக்கு இன்சிப்பிட் அல்லது பிளாண்ட். வேப்பிட் பேச்சுக்கும் எழுத்துக்கும் சிரிப்புக்கும் போய்விட்டது. காலி வீட்டுக்கும் வெறித்த பார்வைக்கும் அது ஆகாது, அவற்றுக்கு வேக்கன்ட் இருக்கிறது.

மற்றவற்றை உதாரணத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள். ‘விற்பனை கூடினால் விற்ற தொகை கூடும்’ என்பது வேக்குவஸ். உண்மைதான், உள்ளே ஒன்றுமில்லை. தர்க்கத்திலும் இந்தச் சொல் உண்டு. யானையே இல்லாத அறையில் ‘இங்கிருக்கும் யானைகளெல்லாம் நீல நிறம்’ என்றால், அந்த உண்மைக்கு வேக்குவஸ் என்றே பெயர். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விடுகிறவரிடம் மைக்கை நீட்டி ‘சந்தோஷமா இருக்கீங்களா?’ என்று கேட்பது இனேன், அதில் அசட்டுத்தனம் சேர்ந்திருக்கிறது. ‘மாற்றம் ஒன்றே மாறாதது’ என்பது டிரைட். தேய்ந்தது என்பதுதான் அதன் லத்தீன் மூலம், நம் தேய்வழக்கு அதற்கு அச்சாகப் பொருந்தும். இப்படிக் குறிப்பாக எந்தக் குற்றமும் சாட்ட முடியாமல், பேச்சு முழுக்க உயிரே இல்லை என்றால்தான் வேப்பிட்.

இனி உங்கள் மெயில். சொல்லின் பொருளில் தவறில்லை. ஆனால் வேப்பிட் விமர்சகர்களின் சொல், அலுவலகத்தில் அது அறைவது மாதிரி. தவிர, ஆங்கிலத்தில் இதை அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்பவர்களில் நடிகைகளும் இளம்பெண்களும் உண்டு. அதே வெற்றுப் பேச்சைச் சேர்மன் பேசினால் ‘விஷனரி’ என்பார்கள். பேச்சைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகவே கேட்கும் சொல் இது. அதற்கு முன்னால் ‘வெரி’ வேறு! அதைவிட மோசம், எந்த ஸ்லைடு, எந்த வரி என்று ஒரு வார்த்தை இல்லை. வேப்பிட் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்கிற விமர்சனமே வேப்பிட்தான், ஐயா.

வெற்று வரியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு’ என்பதைத் திருப்பினால் ‘வாடிக்கையாளர் திருப்தி எங்கள் இலக்கல்ல’. இதை எந்த நிறுவனமாவது சொல்லுமா? யாரும் மறுக்க முடியாத உறுதிமொழியில் செய்தி கிடையாது. அடுத்து, நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு ஒரு வங்கியையோ ஜவுளிக்கடையையோ போட்டுப் பாருங்கள். வரி அப்படியே நின்றால் அது யாருடைய வரியும் அல்ல. கடைசியாக, யார், எவ்வளவு, எப்போது என்று கேளுங்கள். ‘எழுத்தில் வரும் புகாருக்கு 48 மணி நேரத்தில் பதில், தவறினால் சர்வீஸ் கட்டணம் கிடையாது’ என்று மாற்றினால் உடனே ஒருவர் எழுந்து ‘ஞாயிற்றுக்கிழமை?’ என்பார். வரிக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள்.

எண்ணைச் செருகினால் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘நாங்கள் 200 சதவீதம் அர்ப்பணிப்போடு உழைக்கிறோம்’ என்பதிலும் எண் இருக்கிறது. எண் எதையாவது அளக்க வேண்டும், பொய்த்தால் பிடிபட வேண்டும். வெற்று வரி பெருகுவதற்குக் காரணமும் இதுதான். எழுதுகிறவர் பிடிபட விரும்பவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்தப் பயம் இருப்பது இயல்பு. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர்களுக்கு இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நன்னூல் இதையெல்லாம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல், நின்று பயனின்மை மூன்றையும் பாருங்கள். சொல்லை அடுக்கியும் பொருளில்லாதது, ஜோராகத் தொடங்கிப் போகப்போக இளைப்பது, சொற்கள் இருந்தும் உதவாதது. உங்கள் அகராதி ‘சாரமற்ற’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியதை அது மூன்றாகப் பார்த்திருக்கிறது. (மற்றொன்று விரித்தலும் அதே பட்டியலில் இருக்கிறது என்று நினைவூட்டிக் கடிதம் போடாதீர்கள்.)

ஆனால் இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு எழவு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ‘மனசைத் தேத்திக்குங்க’ என்பதில் தகவல் ஒன்றுமில்லை, இருக்கவும் வேண்டாம். அங்கே ஆள் வந்து நிற்பதுதான் செய்தி.

அந்தப் பெண்ணுக்கு நாளைக்கே எழுதுங்கள். எல்லாருக்கும் போட்ட மெயிலுக்கு எல்லாருக்குமாகவே மன்னிப்பு. பிறகு அவருக்குத் தனியாக, வெற்றாகத் தெரிந்த இரண்டு வரிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கு, எந்தத் தேதி இருந்தால் நன்றாயிருக்கும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு உங்கள் மேஜையில்தான் இருக்கிறதென்றால் மெயிலோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.