கர்ப்பம், பால்வினை நோய் இரண்டையும் ஒன்றாகத் தடுக்க, பெண்களுக்குப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?

கேள்வி கேட்டவர் கடைசியில், "கணவருக்குத் தெரியாமல் பயன்படுத்த முடிந்தால் நல்லது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன், பெயர் போடாமல்.

நான் மலேசியாவின் ஜொகூரில் லாபிஸ் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டரும் இல்லை, ஃபார்மசிஸ்டும் இல்லை, கவுண்டரில் நிற்கிற ஆள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், அம்மா காலத்தில் அதெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். அப்போது தலைவலி முதல் பிரசவம் வரை தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர், டிரசர்தான். இப்போது பெண்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகிறார்கள், அங்கே கேட்கக் கூச்சப்பட்டதை என் கடையில் வந்து கேட்கிறார்கள், அதுவும் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலில் ஒரு பெனடால் அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு.

சரி, நேராகச் சொல்கிறேன். இன்றைக்குக் கையில் கிடைப்பவற்றில் இரண்டையும் தடுப்பது உறை மட்டும்தான், ஆணுறையோ பெண்ணுறையோ. மாத்திரை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கிற இம்பிளான்ட், காப்பர் டி எல்லாம் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி (அடையாளத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்), கணவர் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். அவள் அரிப்புக்கு கிரீம் கேட்டு மூன்றாவது தடவையாக வந்தபோது, இது கிரீமில் போகிற விஷயமில்லை, போய் டெஸ்ட் எடு என்றேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான்தான் ஊசி தவறாமப் போடுறேனே அக்கா, அப்புறம் எனக்கு எப்படி வரும்?" என்றாள். கைப்பையிலிருந்து ஊசி தேதி எழுதிய அட்டையை எடுத்துக் காட்டினாள், ஒரு தேதிகூடத் தவறவில்லை. இத்தனை வருடத்தில், இது கிருமிக்கு இல்லை என்று யாரும் அவளுக்கு ஒரு வரி சொல்லியிருக்கவில்லை. எங்கள் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டெஸ்டில் கிளாமிடியா என்ற பால்வினை நோய். பெண்களில் பெரும்பாலோருக்கு இது ஒரு அறிகுறியும் காட்டாது, அப்படியே விட்டால் கருக்குழாயைக் கெடுக்கலாம், இவளுக்குத் தெரியவந்ததே அதிர்ஷ்டம். மருந்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமையே திரும்ப வந்துவிடும். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் அவள் பட்ட பாடு, மாத்திரை வாங்க இல்லை.

நம் நாட்டில் கர்ப்பமாக இருக்கும்போது கிளினிக்கில் பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) போட்டு எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை ஒழித்ததற்காக 2018-ல் மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழே கிடைத்தது. நல்லதுதான். ஆனால் பிள்ளை வேண்டாம் என்று ஊசிக்கு மாறிய பிறகு, தானாகக் கேட்டால் ஒழிய அவளை யார் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்?

இது நம் ஊர் சமாச்சாரம் மட்டுமில்லை. அந்த ஊசி எச்ஐவி அபாயத்தைக் கூட்டுகிறதா என்று பார்க்க, ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் 7,829 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2019-ல் முடிவு வந்தது. ஊசி, காப்பர் டி, இம்பிளான்ட் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். ஊசிமேல் இருந்த பயம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வுக் காலத்துக்குள் 397 பெண்களுக்கு எச்ஐவி வந்திருந்தது. எல்லோரும் ஆய்வுக்காக முறையாகக் கருத்தடை கொடுக்கப்பட்டவர்கள்.

இனி, வரப்போகிறவை. டாபிவிரின் என்ற மருந்து கலந்த சிலிக்கோன் வளையம் ஒன்று இருக்கிறது. பெண் தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம், மாதத்துக்கு ஒன்று. 2016-ல் வந்த இரண்டு ஆய்வுகளில் எச்ஐவி தொற்று சுமார் 30 சதவீதம் குறைந்தது, 2021-ல் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் அனுமதியும் உண்டு. கேள்வி கேட்டவர் நினைக்கிற மாதிரி, கணவர் பெரும்பாலும் உணராத சாதனம் இதுதான். ஆனால் எச்ஐவிக்கு மட்டும். மற்ற நோயையும் தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. இதிலேயே கருத்தடை ஹார்மோனையும் சேர்த்து மூன்று மாத வளையமாகச் செய்து சோதித்து வருகிறார்கள். தினமும் சாப்பிடுகிற, கருத்தடை, எச்ஐவி தடுப்பு என இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்கிற மாத்திரை ஒன்றும் சோதனையில் இருக்கிறது. லெனகாபவிர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம் பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2024-ல் வந்த முடிவில் ஒருவருக்குக்கூட எச்ஐவி வரவில்லை. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் அதுவும் கருத்தடை இல்லை.

ஜெல் கதை வேறு. பிறப்புறுப்பின் அமிலத்தன்மையைக் காத்து விந்தை முடக்கும் ஒரு ஜெல்லுக்கு 2020-ல் அமெரிக்காவில் கருத்தடையாக அனுமதி கிடைத்தது. அதே ஜெல் கிளாமிடியா, கொனோரியா என்ற பால்வினை நோய்களையும் தடுக்கும் என்று நம்பிக்கையோடு பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2022-ல் தோற்றுப்போனது. அதற்கும் முன்னால், நொனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி கிருமியையும் கொல்லும் என்று நம்பி ஆய்வு செய்தபோது, அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு உள்தோல் புண்ணாகி எச்ஐவி அதிகமாகத்தான் வந்தது. அதனால் ஃபேஸ்புக்கில் யாராவது "இரண்டையும் தடுக்கும் ஜெல்" என்று விற்றால் காசை வீணாக்காதீர்கள்.

பெண்ணுறையை நான் கடைப் பின்னறையில் பிரித்தே பார்த்தேன், உடன் வேலை பார்க்கும் மலாய்க்கார அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். கையுறை ஃபேக்டரிகளில் ஓடுகிறதே நைட்ரைல், அதே பொருள்தான். இரண்டு பக்கமும் வளையம். உள் வளையத்தை இரண்டு விரலால் அமுக்கினால் எட்டு மாதிரி நீளும், உள்ளே போனதும் விரிந்துகொள்ளும், வெளி வளையம் வெளியிலேயே நிற்கும். சில மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளலாம், அவர் வருகிற நேரத்துக்குத் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும், மறைக்க முடியாது. சாதாரணமாகப் பயன்படுத்துகிற 100 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 21 பேர் கர்ப்பமாகிறார்கள், ஆணுறையில் 13. அதனால் ஊசியை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள், ஊசியோடு சேர்த்துப் போடுங்கள். ஆணுறை மேல் பெண்ணுறை என்று இரண்டையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, உரசிக் கிழியும்.

சரவாக் சிபுவில் ஜான் டாங் என்ற பெண்கள் நல மருத்துவர், காயத்துக்கு ஒட்டும் மெல்லிய பாலியூரித்தேன் பொருளிலிருந்து ஆணும் பெண்ணும் போடக்கூடிய வொண்டாலீஃப் என்ற உறையைச் செய்தார். 2021-ல் உலகச் செய்தி ஆனது, ஒரு பெட்டியில் இரண்டு, விலை 14.99 ரிங்கிட் என்று வந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன்.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய். வழவழப்புக்கு அதைத் தடவுகிறோம் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் பேண்டு இழுத்ததும் பொட்டென்று போகுமே, பால்மரம் வெட்டிய அம்மாவுக்கே அது தெரியும். ரப்பர் ஆணுறைக்கும் அதே கதிதான். தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி.

ஆக, மறைவாக ஒரே சாமானில் இரண்டும் இன்று இல்லை. மறைவாகச் செய்யக்கூடியது இவ்வளவு: கருத்தடைக்கு ஊசி. கிளினிக்கில் தனியாகப் போய் வருடத்துக்கு ஒரு முறையாவது டெஸ்ட். கணவர்மேல் சந்தேகம் இருந்தால் எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடமே கேளுங்கள். உடலுறவில் தொற்றுகிற சில நோய்களுக்கு இருக்கிற தடுப்பூசியை மறக்காதீர்கள், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி-க்கு 1989 முதல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு 2010 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியில். இவை உங்களுக்குப் போடப்படவில்லை என்றால் உங்களுக்கே கேட்டுப் பாருங்கள்.

பெண்ணுறை நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் அலமாரியில் இருக்காது. நான் பிரித்த அந்த ஒன்றும் ஒரு மாதிரிப் பொட்டலம்தான். கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள், பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் போன் திரையில் படத்தைக் காட்டுங்கள், எங்களுக்குப் புரியும்.