பேச்சை ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரியில் தொடங்குங்கள்

கருத்தரங்கில் 'இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைதி முயற்சிகள்' பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், ஐ.நா. பற்றி எழுதியதெல்லாம் பாடப்புத்தகம் மாதிரியே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சரி, ஐ.நா.வை இரண்டே வரியில் முடித்துவிட்டு 1950 மே 9-க்கு வாருங்கள்.

அன்று பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஓர் அறிவிப்பு வாசித்தார். பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது அமைப்பின் கீழ் வரட்டும், சேர விரும்பும் மற்ற நாடுகளும் வரலாம் என்பதுதான் அது. பீரங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகு உருக்க நிலக்கரி வேண்டும், அந்த இரண்டும் பொதுக் கையில் இருந்தால் பக்கத்து நாட்டுக்குத் தெரியாமல் யாரும் போருக்குத் தயாராக முடியாது. எழுபது ஆண்டுகளில் மூன்று முறை மோதிக்கொண்ட நாடுகள் இவை! 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அதுதான்.

ஷூமனைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். அவர் அப்பாவின் ஊர் லொரேன் பகுதியில், 1871-இல் பிரான்ஸிடமிருந்து ஜெர்மனி பிடுங்கிக்கொண்ட நிலம் அது. அதனால் ஷூமன் பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன், முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர் ஆனார். எனக்கு இந்த இடம் எப்போதும் மனதைத் தொடும்.

அப்புறம், ரூரையும் லொரேனையும் காட்டும் வரைபடம் ஒன்றைத் திரையில் போடுங்கள், பாதி விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.