விண்டோஸ் 7 கணினியில் நோட்.ஜேஎஸ் ஃபோர்க்கை நம்பி கடை மென்பொருளை ஓட்டலாமா?

கேட்டவர் விவரமாகவே கேட்டிருக்கிறார். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன் ஏலக் கடைக்கு எடை, பில், பாக்கிக் கணக்கு மூன்றையும் பார்க்கும் மென்பொருள் எழுதுகிறார். கடையில் இருப்பது பழைய விண்டோஸ் 7 பெட்டி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் 18ஆம் பதிப்பு அதில் ஏறவில்லை. கிட்ஹப்பில் யாரோ விண்டோஸ் 7க்கென்றே திருத்திய ஒரு ஃபோர்க் (அசலின் மூலக்கோட்டைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்த்த பதிப்பு) கண்ணில் பட்டிருக்கிறது. "என்பிஎம் பேக்கேஜ் எல்லாம் அப்படியே ஓடும்" என்று, அதாவது நோட்டுக்காகப் பிறர் எழுதிப் பகிர்ந்த நூலகங்கள் எல்லாம் வேலை செய்யும் என்று, அதன் முகப்பில் போட்டிருக்கிறார்களாம். நம்பலாமா என்கிறார்.

பில், பாக்கிக் கணக்கு, ரிப்போர்ட் எல்லாம் ஓடிவிடும். எடை மெஷினிலிருந்து கிலோ வரவேண்டிய இடத்தில்தான் உதைக்கும். ஏன் என்று சொல்கிறேன். புதுச்சேரியில் இருந்துகொண்டு தேங்காய்த்திட்டு பக்கக் கடைகளுக்கு இதே மாதிரி வேலைதான் நானும் செய்கிறேன்.

ஃபோர்க் என்ற ஒரே பேரில் மூன்று வகை உலாவுகிறது. முதல் வகை, மூலக்கோடு அதேதான், கம்பைல் செய்த விதம் மட்டும் வேறு. நோட் திட்டத்தின் கீழேயே 'அன்அஃபிஷியல் பில்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 32 பிட் லினக்ஸ், பழைய ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம்வி6, பழைய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) உள்ள லினக்ஸ் போன்றவற்றுக்கு அங்கே பைனரி கிடைக்கும். இதை ஃபோர்க் என்றே சொல்லக்கூடாது, தைரியமாக எடுக்கலாம். இரண்டாவது வகை, மூலக்கோட்டில் நாலு இடத்தில் கை வைத்தது. நீங்கள் பார்த்தது இந்த வகை. மூன்றாவது, தனிக்குடித்தனம் போனது. (டினோ, பன் இரண்டும் இந்தக் கணக்கிலேயே வராது. அவை நோட்டின் ஃபோர்க் இல்லை, தனியாக எழுதப்பட்ட ரன்டைம்கள்.)

தனிக்குடித்தனத்தில் பெரிய கதை ஐஓ.ஜேஎஸ். நோட் 0.10 வந்தது 2013 மார்ச்சில், 0.12 வந்தது 2015 பிப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். அப்போது நோட்டை நடத்திவந்த ஜாயன்ட் நிறுவனத்தின் பிடியில் திட்டம் நகரவில்லை என்று முக்கியப் பங்களிப்பாளர்களே 2014 டிசம்பரில் பிரிந்து, 2015 ஜனவரியில் ஐஓ.ஜேஎஸ் 1.0 விட்டார்கள். பிரிந்தவர்கள் பொருந்துதலை எப்படிக் கவனித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பாடம். இன்ஸ்டால் செய்தால் 'ஐஓஜேஎஸ்' என்ற கட்டளையோடு 'நோட்' என்ற பேரும் அதற்கே போய்ச் சேரும்படி வைத்தார்கள். பேர் மாறியதற்காகப் பழைய ஸ்கிரிப்ட் எதுவும் உடையவில்லை. ஆனால் சி++ மாட்யூல்களுக்கு அந்தச் சமாளிப்பு போதவில்லை. உள்ளே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சின் வேகமாக மாறிக்கொண்டே இருந்தது, அதைத் தொட்டு எழுதிய மாட்யூல்கள் ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் அடிவாங்கின. 2015 ஆகஸ்டில் 3.0 வந்தபோது, மாட்யூலுக்கும் வி8க்கும் இடையில் தாங்கலாக இருந்த 'நான்' (NAN) நூலகத்தையே 2.0 ஆக்க வேண்டியதாயிற்று. செப்டம்பரில் இரு வீடும் ஒன்றாகி நோட் 4.0 வந்தது. 0.12க்கு அடுத்து 4 எப்படி என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நடுவில் இருந்த 1, 2, 3 எல்லாம் ஐஓ.ஜேஎஸ்ஸினுடையவை.

2017இல் நிர்வாகச் சண்டையில் ஏயோ.ஜேஎஸ் என்று இன்னொன்று பிரிந்தது. ஒரு நிலையான வெளியீடுகூட வராமல் படுத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட், வி8ஐக் கழற்றிவிட்டுத் தன் சக்ரா எஞ்சினைப் பொருத்தி ஒரு நோட் செய்தது. வி8 மாதிரியே நடிக்கும் ஓர் அடுக்கை நடுவில் வைத்தும், காலப்போக்கில் கைவிட்டார்கள். அவ்வளவு பணமும் ஆளும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி.

இப்போது உங்கள் எடை மெஷினுக்கு வருவோம். செரியல் போர்ட்டைப் படிக்க ஒரு நேட்டிவ் மாட்யூல் (மேலே சொன்ன சி++ மாட்யூல்தான்) வேண்டும், எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கும் பெரும்பாலும் ஒன்று வேண்டும். ஒவ்வொரு பெரிய நோட் பதிப்புக்கும் நேட்டிவ் மாட்யூல் பொருந்துமா என்று காட்டும் ஓர் ஏபிஐ (ABI) எண் உண்டு: 12க்கு 72, 14க்கு 83, 16க்கு 93, 18க்கு 108. ப்ராசஸ்.வெர்ஷன்ஸ்.மாட்யூல்ஸ் என்று அடித்தால் தெரியும். என்பிஎம் இன்ஸ்டால் செய்யும்போது தயாராக இருக்கும் பைனரியைப் பல மாட்யூல்கள் இந்த எண்ணை வைத்துத்தான் இறக்கும். ஃபோர்க்காரர் எண்ணை மாற்றியிருந்தால் தயார் பைனரி கிடைக்காது. நோட்-ஜிப் (node-gyp), பைத்தான், விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் என்று நீங்களே கட்ட வேண்டும். அப்போதும் கம்பைலுக்கு வேண்டிய ஹெட்டர் கோப்புகளை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். ப்ராசஸ்.ரிலீஸ்.ஹெட்டர்ஸ்யூஆர்எல் அசல் தளத்தையே காட்டினால், ஃபோர்க்கின் உள்ளே மாறியிருப்பது உங்கள் மாட்யூலுக்குத் தெரியவே தெரியாது. எண்ணை மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் மோசம். மாட்யூல் சமர்த்தாக லோடு ஆகும், ஏலம் சூடு பிடித்த நேரத்தில் பொத்தென்று விழும். "பதிப்பு பொருந்தவில்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் வரும் பிழைச் செய்தி இதற்கு எவ்வளவோ மேல்.

பேக்கேஜ்.ஜேசனில் 'எஞ்சின்ஸ்' என்று போடுகிறோமே, அது இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யாது. பதிப்பு எண்ணை மட்டும்தான் அது பார்க்கும். ஃபோர்க் தன்னை 18 என்று சொல்லிக்கொண்டால் நம்பிவிடும்.

இதற்கு உருப்படியான தீர்வு நோட்-ஏபிஐ (Node-API); மேலே சொன்ன ஏபிஐ எண் வேறு, இது வேறு. 2017இல் நோட் 8இல் சோதனையாக வந்து, பிறகு நிலைபெற்றது. அதன் வழியாகக் கட்டிய மாட்யூல் வி8 மாறினாலும் மறுபடி கம்பைல் கேட்காது. செரியல்போர்ட் பேக்கேஜின் புதிய பதிப்புகள் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஆக, உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நேட்டிவ் மாட்யூலும் நோட்-ஏபிஐயா, வி8ஐ நேராகத் தொடுகிறதா என்று பிரித்துவிடுங்கள். வி8ஐ நேராகத் தொடுவது ஒன்றிருந்தாலும் ஃபோர்க் பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸ் 7இல் வேறொரு வேடிக்கையும் உண்டு. நோட் 14இலிருந்து தொடக்கத்திலேயே "விண்டோஸ் 8.1 அல்லது மேல்" என்று மறித்துவிடும். நோட்_ஸ்கிப்_பிளாட்ஃபார்ம்_செக் என்ற சூழல் மாறியை 1 ஆக்கினால் அந்தத் தடை விலகும். ஓடும் என்று சந்தோஷப்பட்டால், ஓஎஸ்.ஹோஸ்ட்நேம் என்ற சாதாரண ஃபங்ஷன் 'ஈநோசிஸ்' (அப்படி ஒரு வசதி இல்லை) என்று கவிழும். கணினியின் பெயரைக் கேட்க, நோட்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் இருக்கும் லிப்யூவி நூலகம் கூப்பிடும் விண்டோஸ் ஃபங்ஷன் விண்டோஸ் 8இல்தான் பிறந்தது. நாம் அதைக் கூப்பிடாவிட்டாலும், நடப்பதைப் பதிவு செய்யும் லாகர் கூப்பிடும். பினோ என்ற லாகர் தன் ஒவ்வொரு வரியிலும் ஹோஸ்ட்நேமைப் போடுவது வழக்கம். உங்கள் கோடில் குறையே இல்லாமல் லாக் எழுதப்போய் மென்பொருள் சாகும். நல்ல ஃபோர்க் என்றால் இந்த மாதிரி ஓட்டைகளைத்தான் அடைத்திருக்க வேண்டும். அதன் திருத்தங்களைத் திறந்து பார்த்து, லிப்யூவி பக்கம் கை வைத்திருக்கிறாரா, வெறும் பதிப்புச் சோதனையை மட்டும் நீக்கிவிட்டு "ஓடும்" என்று எழுதிவிட்டாரா என்று பாருங்கள்.

நோட்டுக்குள் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஓட்டை என்று நோட் திட்டம் பாதுகாப்பு வெளியீடு விட்டால், இந்த ஃபோர்க்காரர் எத்தனை நாளில் விடுகிறார் என்பதை இரு தேதிகளையும் பக்கத்தில் வைத்தாலே கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலும் தனி ஆள். அவருக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் உங்கள் கடைக்குப் பேட்ச் இல்லை. நோட்டின் சொந்தச் சோதனைத் தொகுப்பை அந்த ஃபோர்க்கில் ஓட்டிய முடிவு எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். பிரபல என்பிஎம் மாட்யூல்களைப் புது பில்டில் ஓட்டிப் பார்க்க நோட் குழுவே சிட்ஜிஎம் என்ற கருவி வைத்திருக்கிறது. "எல்லாம் ஓடும்" என்பவர் அதன் முடிவைக் காட்டட்டும்.

நானாக இருந்தால் ஃபோர்க்கே வேண்டாம் என்பேன். முதலாளியிடம் பெட்டியை மாற்றச் சொன்னால், "ஓடுற மெஷினை ஏன் தம்பி நோண்டுற?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எடை மெஷினோடு பேசும் செரியல் போர்ட் அந்தப் பழைய பெட்டியில்தான் இருக்கிறது, உப்புக்காற்றில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததும் அதுதான். அதனால் அந்தப் பெட்டியில் எடையைப் படித்து அனுப்பும் ஒரு சின்ன நிரலை மட்டும், அசல் நோட் 12.22.12இல் வையுங்கள். விண்டோஸ் 7ஐ அதிகாரபூர்வமாக ஏற்ற கடைசிப் பதிப்பு 13.14தான், ஆனால் 13க்கு 2020 ஜூனோடு கதை முடிந்தது; 12க்கு 2022 ஏப்ரல் வரை திருத்தம் வந்தது. எண் பெரியதாக இருக்கிறதே என்று 13ஐ எடுக்காதீர்கள். பில், கணக்கு, இணையம் எல்லாம் இன்னொரு கணினியில் இன்றைய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள) நோட்டில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு லேன் கேபிள். பழைய பெட்டிக்கு இணைய இணைப்பு கொடுக்கவே வேண்டாம், ரவுட்டரிலேயே அடைத்துவிடுங்கள்.

இன்னொரு கணினிக்குக் காசில்லை என்றால், அதே பெட்டி 64 பிட்டாக இருக்கும் பட்சத்தில் லினக்ஸ் போட்டுவிடுங்கள். நோட் 18க்கு ஜிலிப்சி 2.28 போதும், டெபியன் 10லேயே அது உண்டு. புதிய டெபியன் போட்டால் கவலையே இல்லை. எடை மெஷின் அங்கே டிடிஒய்எஸ்0 என்று தெரியும். உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்க மறந்தால் மட்டும் அனுமதி இல்லை என்று மறுக்கும்.