ஆப்லெட்டுக்கு ஏன் மெயின் இல்லை?

வணக்கம் சார்,

பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவா லேபில் ஆப்லெட் (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரல்) பயிற்சி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு வட்டம், அதற்கு மேலே என் பெயர், அவ்வளவுதான். வீட்டில் ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே 17 வைத்திருக்கிறேன். கம்பைல் ஆகிறது, 'நீக்கப்படவிருக்கிறது' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வருகிறது. எச்டிஎம்எல் பக்கத்தைக் குரோமில் திறந்தால் வெறும் வெள்ளை. லேபில் கேட்டால், "அவுட்புட்டைக் கையால் வரைந்து ரெக்கார்டில் ஒட்டிவிடு" என்கிறார்கள். செத்துப்போன ஒன்றை எதற்குப் படிக்க வேண்டும்? மெயின் இல்லாமல் இது எப்படி ஓடுகிறது என்பதும் புரியவில்லை. ஆப்லெட்தான் பிற்பாடு ஜாவாஸ்கிரிப்ட் ஆகிவிட்டது என்கிறான் அண்ணன். அது சரியா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நிரலில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. இன்றைய குரோமுக்கு ஆப்லெட் டேக் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத டேகைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போவது பிரவுசர்களின் வழக்கம். பிரவுசரில் ஆப்லெட்டை ஓட்டிய ஜாவா பிளக்இன் உள்ளே வந்துகொண்டிருந்த வழியைக் குரோம் 2015 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் அடைத்துவிட்டன. 2018இல் வந்த ஜேடிகே 11இல் பிளக்இன்னையும், பிரவுசர் இல்லாமல் ஆப்லெட்டை ஓட்டிக்காட்டும் ஆப்லெட்வியூவரையும் ஜாவாவை இப்போது வைத்திருக்கும் ஆரக்கிளே எடுத்துவிட்டது. உங்களிடம் உள்ள 17இல் மிச்சமிருப்பது ஆப்லெட் கிளாஸ் மட்டும்தான். அதனால் கம்பைல் ஆகிறது; ஓட்டத்தான் ஆளில்லை.

மெயின் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. இதுவரை நீங்கள் எழுதிய நிரல்கள் மெயினில் தொடங்கி நீங்கள் வைத்த வரிசையில் ஓடி முடிந்திருக்கும். ஆப்லெட்டில் அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை. கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்தைத் தவில்காரர் முடிவு செய்வதில்லை; 'கெட்டிமேளம்' என்று குரல் வந்ததும் அடிக்கிறார். இங்கே குரல் கொடுப்பது பிரவுசர். ஆப்லெட் ஏறியதும் இனிட்டை ஒரே ஒரு முறை அழைக்கும், அடுத்து ஸ்டார்ட்டை. பக்கத்தை விட்டுப் போனால் ஸ்டாப், திரும்பி வந்தால் மறுபடி ஸ்டார்ட், ஒரேயடியாகக் கழற்றிவிடும்போது டெஸ்ட்ராய். எந்த அழைப்புக்கு என்ன செய்வது என்று எழுதி வைப்பது மட்டும் உங்கள் வேலை.

இனிட்டில் செய்வதை, ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் செய்தால் என்ன என்று தோன்றும். செய்து பாருங்கள். எச்டிஎம்எல்லில் பாரம் டேக் வழியாகக் கொடுத்த மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் கெட்பாராமீட்டரால் கேட்டால் நல்பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை வரும். ஆப்ஜெக்ட் உருவாகிற அந்த நொடியில் அதற்கும் பிரவுசருக்கும் இன்னும் தொடர்பு ஏற்படவில்லை. தொடர்பு ஏற்பட்ட பிறகுதான் இனிட்டுக்கு முறை வருகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது திரையில் வரையும் பெயின்ட். பாடப்புத்தகங்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெரிய குறை. பெயின்ட் எப்போது அழைக்கப்படும் என்று உங்களால் சொல்ல முடியாது. முதலில் திரையில் தோன்றும்போது அழைப்பு வரும். ஜன்னலின் அளவை இழுத்து மாற்றினாலும் வரும். அந்தக் காலத்து விண்டோஸில் வேறொரு ஜன்னல் மேலே வந்து மறைத்துவிட்டு விலகினாலே வரும். மவுஸ் கிளிக்கில் கெட்கிராஃபிக்ஸ் வாங்கி அங்கேயே ஒரு வட்டத்தைப் போட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். வட்டம் தெரியும், நமக்கும் சந்தோஷம். ஜன்னலை லேசாக இழுத்ததும் வட்டத்தைக் காணோம். பெயின்ட்டுக்கு அப்படி ஒரு வட்டம் இருந்ததே தெரியாது. சரியான வழி என்னவென்றால், கிளிக்கில் எக்ஸ், ஒய் மதிப்புகளை மட்டும் வேரியபிளில் போட்டுவிட்டு ரீபெயின்ட்டை அழைப்பது. ரீபெயின்ட்டும் உடனே வரைந்துவிடாது, 'சமயம் பார்த்து வரையச் சொல்' என்று விண்ணப்பம் போடும், அவ்வளவே. பெயின்ட் வரும்போது வேரியபிள்களைப் பார்த்து முழுப் படத்தையும் முதலிலிருந்து வரையும். விவரம் ஓரிடத்தில், வரைதல் ஓரிடத்தில் என்ற இந்தப் பிரிவு கையில் படிந்துவிட்டால் நாளை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் படிக்கும்போது பாதித் தொல்லை குறையும்.

உங்கள் பயிற்சியிலேயே ஒரு பொறி இருக்கிறது. டிராஓவலுக்குக் கொடுக்கும் எக்ஸ், ஒய் என்பது வட்டத்தைச் சுற்றிய கற்பனைச் சதுரத்தின் இடது மேல் மூலை. டிராஸ்ட்ரிங்குக்குக் கொடுப்பதோ எழுத்துகள் உட்காரும் அடிக்கோட்டின் இடது முனை. பெயரை 0, 0 என்று கொடுத்தால் அது ஜன்னலின் மேல் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சின்ன எழுத்து ஜி, ஒய் இவற்றின் வால் மட்டும் விளிம்பில் தொங்கும். நிரல் ஓடவில்லை என்று நினைத்து இதிலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் ஓட்டிப் பார்க்க பிரவுசர் தேவையில்லை. ஆப்லெட் கிளாஸ் என்பது ஜாவாவின் ஜன்னல் நூலகமான ஏடபிள்யூடியின் பேனலிலிருந்து பிறந்தது, ஆகவே அதை எந்த ஃபிரேமுக்குள்ளும் வைக்கலாம். மெயின் ஒன்றை எழுதுங்கள். அதில் ஒரு ஃபிரேமை உருவாக்கி, உங்கள் ஆப்லெட்டை உள்ளே சேர்த்து, அளவு கொடுத்து, இனிட்டையும் ஸ்டார்ட்டையும் நீங்களே அழைத்து, செட்விசிபிளுக்கு ட்ரூ கொடுங்கள். ஜேடிகே 17இலேயே ஓடும். பிரவுசர் செய்துவந்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள். கெட்பாராமீட்டர் மட்டும் இங்கேயும் உதைக்கும், மேலே சொன்ன அதே காரணம்தான். இந்த ஃபிரேம் எக்ஸ் பொத்தானை அழுத்தினால் மூடாது. டெர்மினலில் கன்ட்ரோல்-சி அடியுங்கள். அசல் முறைப்படிதான் வேண்டும் என்றால் ஜேடிகே 8 போட்டுக்கொண்டு, நிரலின் தலையில் கமெண்டுக்குள் ஆப்லெட் டேகை எழுதி, அந்த ஜாவா ஃபைலையே ஆப்லெட்வியூவருக்குக் கொடுக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் ரெக்கார்டில் ஒட்ட உண்மையான ஸ்கிரீன்ஷாட் கிடைத்துவிடும்.

செத்துப்போனதுதானே என்றால், ஆமாம். ஆனால் எதனால் செத்தது என்பது படிக்க வேண்டிய கதை. 1995இல் வலைப்பக்கம் என்றால் எழுத்தும் அசையாத படமும்தான். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜேம்ஸ் கோஸ்லிங் அந்த ஆண்டு, பக்கத்தின் நடுவிலிருந்த மூலக்கூறு படம் ஒன்றை மவுஸால் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். மே 23 அன்று ஜாவாவை அறிவித்தபோதே நெட்ஸ்கேப்பும் சேர்ந்துகொண்டது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல் உங்கள் கணினியில் வந்து ஓடப்போகிறது என்பதால் கட்டுப்பாடும் கூடவே வந்தது. ஆப்லெட் உங்கள் ஃபைல்களைத் தொடக்கூடாது, தான் இறங்கிவந்த சர்வரைத் தவிர வேறெதோடும் பேசக்கூடாது. சாண்ட்பாக்ஸ் என்பது இதைத்தான்.

அந்த யோசனையில் பழுதில்லை. அதைச் செய்து கொடுத்த பிளக்இன்னில்தான் ஓட்டைக்கு மேல் ஓட்டை. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது. அதற்கு முன்பே ஆட்டம் பாதி முடிந்திருந்தது என்பது என் கணிப்பு. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் எழுந்து வருவதற்குள் பக்கமே உறைந்து நிற்கும், ஐபோனில் ஆப்லெட் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் அறிவியல் செய்முறைகளில் பல முதலில் ஜாவாவில் இருந்தன. அவற்றை எச்டிஎம்எல் 5இல் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

பிளக்இன் போனாலும் யோசனை எங்கும் போகவில்லை. ஆண்ட்ராய்டு செயலியின் ஒரு திரையான ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள்: ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய். மெயினை அங்கேயும் நீங்கள் எழுதப்போவதில்லை. 2019 டிசம்பரில் வலைத் தரமாக ஏற்கப்பட்ட வெப்அசெம்ப்ளியும், வேறு மொழியில் எழுதியதைக் கம்பைல் செய்து பிரவுசரின் சாண்ட்பாக்ஸுக்குள் ஓட்டுவதுதான். அதன் முதுகில் ஏறி சியர்ப்ஜே என்ற கருவி பழைய ஆப்லெட்டுகளை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டிக்காட்டுகிறது.

அண்ணன் சொன்னது சரியில்லை. ஜாவாஸ்கிரிப்டை நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் 1995இல் தனியாக எழுதினார், முதல் வடிவம் பத்தே நாளில். லைவ்ஸ்கிரிப்ட் என்று இருந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாவின் பேரை ஒட்டிக்கொண்டது. சொந்தம் அவ்வளவுதான்.

ஆப்லெட் ஓடியதும் அதே பயிற்சியை ஜாவாஸ்கிரிப்ட்டில், கேன்வாஸ் டேகில் செய்து பாருங்கள். ஃபில்டெக்ஸ்ட்டுக்கு 0, 0 கொடுத்தால் அங்கேயும் பெயர் மேலே போய் மறைந்துவிடும். வட்டத்துக்கு மட்டும் கணக்கு வேறு. ஆர்க் மூலையைக் கேட்காது, மையத்தையும் ஆரத்தையும் கேட்கும்.